தாமஸ் மன்றோ: பட்டாளத்து ஆள் எப்படி கலெக்டர் ஆனார்?

4 ஜூன் 2025 (ஒரு வாசகர் கேட்டது)

தீவுத்திடல் பக்கம் போகும்போதெல்லாம் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் மன்றோ சிலையைப் பார்க்கிறேன். ஜெனரல் என்கிறார்கள், கலெக்டர் என்கிறார்கள், கவர்னர் என்கிறார்கள். ரயத்துவாரி கொண்டுவந்தவர் என்று ஒரு மார்க் கேள்விக்குப் படித்ததோடு சரி. ஒரே ஆள் எப்படி இத்தனையும் ஆனார்? வெள்ளைக்காரர்களில் இவர் நல்லவர் என்கிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை?

4 ஜூன், இரவு

முதல் கேள்வியை முதலில் எடுக்கிறேன். நல்லவரா கெட்டவரா என்பதை அதற்குப் பிறகுதான் பேச முடியும்.

கிளாஸ்கோவில் 1761ல் பிறந்தவர். அப்பா வர்ஜீனியாவோடு புகையிலை வியாபாரம் செய்தவர். அமெரிக்கச் சுதந்திரப் போர் வந்ததும் தொழில் படுத்துவிட்டது. பையன் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தில் கேடட்டாகச் சேர்ந்து 1780 தொடக்கத்தில் சென்னையில் வந்து இறங்கினார். அதே வருஷம் ஹைதர் அலி ஆற்காட்டுச் சீமைக்குள் புகுந்தார். செப்டம்பர் 10 அன்று பொள்ளிலூரில் கம்பெனித் தளபதி பெய்லியின் படை அழிந்தது. பக்கத்தில் காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்றோவின் படை உதவிக்குப் போய்ச் சேரவில்லை. கனமான பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கியது. அந்தப் படையில் 19 வயது தாமஸ் இருந்தார். அப்புறம் தளபதி அயர் கூட்டின் கீழ் பரங்கிப்பேட்டை, சோளிங்கர் சண்டைகள். 1783ல் கடலூர்.

சண்டைகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர் வீட்டுக்கு எழுதிய ஒரு கடிதம். பசி, தாகம், வறுமை எல்லாம் என்னவென்று இந்தியாவுக்கு வந்துதான் தெரிந்துகொண்டேன் என்கிறார். மூன்று வருஷம்வரை தலையணை என்று இருந்தது ஒரு புத்தகம் அல்லது தோட்டாப் பை. கட்டில் என்பது நாலு குச்சிமேல் இழுத்துக் கட்டிய கித்தான் துணி. கோட்டைக்குள் மேஜை போட்டு வளர்ந்த ஆள் இல்லை இவர். ஊர் ஊராக நடந்து, சிப்பாய்களோடு புழங்கி, இந்துஸ்தானியும் பாரசீகமும் கற்றுக்கொண்டவர்.

1792ல் திப்புவோடு போட்ட ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் பாராமகால் கம்பெனி கைக்கு வந்தது. இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர், சேலம் பக்கங்கள். சென்னையில் இருந்த சிவில் அதிகாரிகளை கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் நம்பவில்லை. அவர்களில் பலருக்கு ஊர் மொழி தெரியாது. எல்லாவற்றுக்கும் துபாஷியின் (மொழிபெயர்ப்பாளரின்) கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பணத்திலும் கை சுத்தமில்லை. ஆகவே வரி வாங்கும் வேலைக்குப் பட்டாளத்து ஆட்களை அனுப்பினார். கேப்டன் அலெக்சாண்டர் ரீடு தலைவர், அவருக்குக் கீழ் மூன்று உதவியாளர்கள்: கிரஹாம், மக்லியாட், மன்றோ. மன்றோவுக்குக் கிடைத்தது தர்மபுரி. அங்கே 7 வருஷம்.

பட்டாளத்து ஆள் கலெக்டர் ஆன வழி இதுதான்.

5 ஜூன்

"ரயத்துவாரியின் தந்தை மன்றோ" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாடப்புத்தகமும் அப்படித்தான் சொல்கிறது, ஆனால் விதை போட்டது ரீடு. திருப்பத்தூரில் உட்கார்ந்துகொண்டு, ஜமீன்தாரும் குத்தகைதாரரும் இல்லாமல் ஒவ்வொரு குடியிடமும் நேரடியாக வரி பேசலாம் என்று 1796ல் அறிவிப்பு விட்டவர் அவர். அதைக் கையில் எடுத்து, அளந்து, கணக்கெழுதி, பிறகு லண்டன்வரை வாதாடி ஜெயித்தவர் மன்றோ. ரீடின் பெயர் இன்று திருப்பத்தூரிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்?

5 ஜூன், பிற்பகல்

மன்றோ சிலையில் சேணம், அங்கவடி (கால் வைக்கும் வளையம்) இல்லாத குதிரை பற்றிக் கேட்டவருக்கு: சிற்பி மறந்துவிட்டார், அந்த அவமானத்தில் தற்கொலை செய்துகொண்டார் என்பது கட்டுக்கதை. சிற்பி பிரான்சிஸ் சாண்ட்ரி. லண்டன் டிராபல்கர் சதுக்கத்தில் நான்காம் ஜார்ஜ் சிலையும் அவர் செய்ததுதான், அதிலும் அங்கவடி கிடையாது. அவர் பாணி அது. மன்றோ சிலை 1839ல் திறக்கப்பட்டது. சாண்ட்ரி நோய்வாய்ப்பட்டு 1841ல் இறந்தார். சென்னையில் ஆட்டோக்காரரில் இருந்து பேராசிரியர்வரை எல்லோரும் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். போதும்.

7 ஜூன்

ரயத்துவாரி என்றால் என்ன என்று ஏட்டு விளக்கம் கேட்கிறீர்கள். எங்கள் ஊரை வைத்தே சொல்கிறேன்.

பென்னாகரம் பக்கம் எங்கள் தாத்தா மணியக்காரர், அதாவது வரி வசூலிக்கும் ஊர்த் தலைவர். ஒவ்வொரு பசலி முடியும்போதும் தாலுகா ஆபீசில் ஜமாபந்தி, அதாவது நிலவரிக் கணக்குத் தணிக்கை நடக்கும். ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை ஒரு பசலி. 2025 ஜூன் 30 அன்று முடிந்தது 1434. கர்ணம் (கணக்குப்பிள்ளை) கிராமக் கணக்கை எல்லாம் சிவப்புத் துணியில் மூட்டை கட்டி வண்டியில் ஏற்றுவார். அடங்கல், சிட்டா, அ-பதிவேடு, நிலம் அளக்கிற சங்கிலி எல்லாம் போகும். எந்த சர்வே நம்பரில் யார், என்ன பயிர், எவ்வளவு தீர்வை (நிலவரி), எவ்வளவு பாக்கி என்று வரிசையாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். கடைசி நாள் குடிகள் மாநாடு. இன்றைக்கும் நடக்கிறது, பட்டா மாறுதலுக்கு மனு எடுத்துக்கொண்டு இந்த வருஷமும் நான் போய் நின்றேன்.

சர்க்காருக்கும் குடிக்கும் நடுவில் யாரும் இல்லை. வருஷா வருஷம் குடியின் பேரில் கணக்கு. முடியாத நிலத்தை ராஜிநாமா கொடுத்து விட்டுவிடலாம், தரிசு வேண்டுமென்றால் தர்காஸ்து (மனு) போட்டு வாங்கலாம். வங்காளத்தில் காரன்வாலிஸ் 1793ல் ஜமீன்தார்களுக்கு நிலத்தை நிரந்தரமாக எழுதிக்கொடுத்த அதே காலத்தில் இங்கே எதிர்த்திசையில் ஒரு முறை வளர்ந்தது. மன்றோவின் பெரிய சாதனை என்று நான் நினைப்பது இதைத்தான். குடியின் பெயர் சர்க்கார் கணக்கில் ஏறியது.

ஆனால் எந்தக் குடியின் பெயர்? தஞ்சாவூரில் பட்டா மிராசுதார் (பரம்பரை நில உரிமைக்காரர்) பெயரில் போனது. சேற்றில் இறங்கி நட்ட பண்ணையாள் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை. தொண்டை மண்டலத்து மிராசு உரிமைகளைப் பற்றி சென்னைக் கலெக்டர் எல்லிஸ் (திருக்குறளை மொழிபெயர்த்த அதே எல்லிஸ்) விரிவாக எழுதினார். மன்றோ அந்த உரிமையை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாராமகாலிலும் ராயலசீமையிலும் பார்த்த புன்செய்க் குடியானவர்தான் அவர் மனதில் எப்போதும் இருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. காவிரிப் படுகை அவருக்குக் கைவந்த ஊர் இல்லை.

8 ஜூன்

"அவர் வரியைக் குறைத்தார்" என்று எழுதியவருக்கு.

குறைக்கச் சொன்னார். 1800ல் நிஜாம் விட்டுக்கொடுத்த பெல்லாரி, அனந்தப்பூர், கடப்பைச் சீமைக்கு அவர்தான் பிரதான கலெக்டர், 1807வரை. அங்கே ஏறத்தாழ 80 பாளையக்காரர்கள். முதல் வேலை அவர்களை அடக்குவது. படையைக் கொண்டு அடக்கினார், சிலரைத் துரத்தினார், சிலருக்கு மானியம் கட்டினார். அதைச் செய்த கையோடு வயல் வயலாக அளக்கவும் வைத்தார். பெரும்பாலும் கூடாரத்தில்தான் வாசம். ஊர் ஊராகப் போய் மரத்தடியில் உட்கார்ந்து குடிகளோடு தீர்வை பேசினார்.

1807ல் ஊருக்குக் கிளம்பும்போது, தீர்வை அதிகம், எல்லா நிலத்துக்கும் நூற்றுக்கு 25 குறைக்கலாம், கிணற்றுப் பாசனத்துக்கு இன்னும் 8 குறைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். மேலிடம் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் போனதும் ரயத்துவாரியையே தூக்கிவிட்டு, கிராமம் கிராமமாகக் குத்தகை விட்டார்கள். 1820ல் கவர்னராகத் திரும்பி வந்த பிறகுதான் குறைப்பும் வந்தது, ரயத்துவாரியும் மாகாணத்தின் பொது முறை ஆனது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த 7 வருஷமும் தீர்வை அதிகம் என்று தெரிந்துகொண்டேதான் வசூல் செய்திருக்கிறார். கம்பெனிக்குப் பணம் வந்து சேர வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

8 ஜூன், இரவு

ஜெனரல் ஆனது எப்போது என்ற கேள்வியைத் தாண்டிப் போய்விட்டேன். கலெக்டராக இருந்த காலம் முழுவதும் பட்டாளத்து உத்தியோகமும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. 1817ல் கடைசி மராட்டியப் போர் வந்தபோது பிரிகேடியர் ஜெனரல். தெற்கு மராட்டியச் சீமையில் அவர் கையில் இருந்த ஒழுங்கான துருப்பு கொஞ்சம்தான். என்ன செய்தார் தெரியுமா? மராட்டிய ஆட்சித் தலைவரான பேஷ்வாவின் ஊர்களுக்குத் தானே அமல்தார்களை (வரி அதிகாரிகளை) நியமித்து, வரியை வசூல் பண்ணச் சொல்லி, அந்தப் பணத்தில் உள்ளூர்ச் சேவகர்களைச் சேர்த்துக்கொண்டே முன்னேறினார். பாதாமி, பெல்காம், சோலாப்பூர் எல்லாம் 1818ல் விழுந்தன. லண்டன் நாடாளுமன்றத்தில் அமைச்சர் கானிங் எழுந்து புகழ்ந்தார்.

கலெக்டர் மூளையோடு நடத்திய போர் இது. கோட்டை விழுவதற்கு முன்னாலேயே ஊரின் வரிக்கணக்கு கைக்கு வந்துவிட்டது. 1819ல் மேஜர் ஜெனரல், சர் பட்டம். அடுத்த வருஷம் சென்னை கவர்னர். வெலிங்டன் பிரபுவாகப் பின்னால் பெயர் எடுத்த ஆர்தர் வெல்லெஸ்லி இவருக்குப் பழைய நண்பர். 1803ல் மராட்டியரோடு நடந்த அசாயி சண்டையை ஏன் அப்படி நடத்தினேன் என்று மன்றோவுக்குத்தான் விளக்கிக் கடிதம் எழுதினார். படை விஷயத்தில் இவர் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு.

11 ஜூன்

நான் உண்மையில் எழுத நினைத்தது இதுதான்.

1814ல் நீதித்துறைச் சீர்திருத்தக் கமிஷனுக்குத் தலைவராகச் சென்னைக்கு வந்தார். 1816ல் வந்த சட்டங்கள் அவர் கைவேலை. ஜட்ஜிடம் இருந்த போலீசும் மாஜிஸ்திரேட் அதிகாரமும் கலெக்டரிடம் போயின. கிராமத்தில் மணியக்காரருக்கு முன்சீப் அதிகாரம், சின்ன வழக்குகளுக்குப் பஞ்சாயத்து. அவர் சொன்ன காரணம் நியாயமானது. ஊருக்குத் தூரமாக, புரியாத நடைமுறையோடு இருக்கும் கோர்ட்டுக்குக் குடியானவன் எப்படிப் போவான்? ஊரில் சுற்றுகிற கலெக்டர்தான் அவனுக்கு எட்டுவார்.

மன்றோ மாதிரி கூடாரம் போட்டுத் திரிகிற, மொழி தெரிந்த, கணக்குப் பார்க்கத் தெரிந்த கலெக்டர் இருந்தால் சரி. வரி கேட்பவனும் போலீசும் தண்டிப்பவனும் ஒரே ஆள் என்ற ஏற்பாடு, கீழே தாசில்தாரிடம் வந்து சேரும்போது என்ன ஆகும்?

அதற்குப் பதில் 1855ல் வந்தது. சென்னை மாகாணத்தில் சித்திரவதை நடக்கிறது என்ற புகார் லண்டன் நாடாளுமன்றத்தில் எழுந்து, ஒரு கமிஷன் உட்கார்ந்தது. வரி பாக்கிக்காகக் குடிகளை வதைப்பது உண்மை என்று அறிக்கை ஒப்புக்கொண்டது. அதில் வரும் பெயர்கள் நம் பெயர்கள்: கிட்டி, அண்ணந்தாள். இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விரலை வைத்து நெரிப்பது கிட்டி. ஆளைக் குனிய வைத்து, தலை நிமிர முடியாதபடி கயிற்றால் கட்டி வெயிலில் விடுவது அண்ணந்தாள். அற்பத் தொகைக்குக்கூட இது நடந்தது. யாரிடம் புகார் சொல்வது? அடித்தவன் தாசில்தாரின் சேவகன், போலீஸ் அதிகாரியும் தாசில்தாரே. அவருக்கு மேலே இருக்கும் கலெக்டர்தான் மாஜிஸ்திரேட்.

கிட்டி மன்றோ கொண்டுவந்தது இல்லை. நவாப் காலத்திலும் இருந்தது. 1855ல் அவர் இறந்து 28 வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் அந்தக் குடியானவன் ஓடிப்போய் முறையிட இருந்த தனி வாசலை அடைத்தது 1816 சட்டம். இதை அவர் கணக்கில் எழுதாமல் விட முடியாது. 1859ல் போலீசைத் தனித் துறையாகப் பிரித்ததற்கு இந்த அறிக்கையும் ஒரு காரணம்.

12 ஜூன்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "உங்கள் தாத்தாவே மணியக்காரர்தானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்வி. ராத்திரி எனக்கும் அதே யோசனைதான்.

தாத்தா யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் கிஸ்தி (வரித் தவணை) மாதத்தில் எங்கள் திண்ணை எப்படி இருக்கும் என்பது நினைவிருக்கிறது. கிஸ்தி கட்டாத வீட்டில் இருந்து ஜப்தி செய்த பித்தளை அண்டா, குடம், ஒரு தடவை ஏர்க்கலப்பை. ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் பேர் எழுதியிருக்கும். அண்டாவின் சொந்தக்காரர்கள் படியில் ஏறாமல் கீழே நின்று பேசுவார்கள். வயதில் பெரியவர்களும் தாத்தாவை "சாமி" என்பார்கள். பாட்டி அந்தப் பாத்திரங்கள்மேல் கை படாமல் சுற்றிப் போவாள். சின்ன வழக்குகளைத் தாத்தா அதே திண்ணையில் தீர்ப்பார். பணம் பாக்கி வைத்தவனும் வழக்கு கொண்டுவந்தவனும் ஒரே ஆளாக இருந்தால் அவன் எவ்வளவு பேச முடியும்? அப்போது எனக்கு உறைக்கவில்லை. தாத்தா நேர்மையான மனிதர் என்பதில் இப்போதும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்த நேர்மை ஒன்றை நம்பித்தான் ஊர் இருக்க வேண்டியிருந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

1980ல் எம்ஜிஆர் அரசு மணியக்காரர், கர்ணம் பதவிகளை ஒழித்து, கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டுவந்தது. எங்கள் வீட்டில் அன்று அடுப்பு மூட்டவில்லை. ஊரில் பல வீடுகளில் சந்தோஷம். இரண்டும் நியாயம் என்றே இப்போது நினைக்கிறேன்.

14 ஜூன்

ராயலசீமையில் அவரைச் சாமியாகக் கும்பிடுகிறார்களா? கடப்பை, அனந்தப்பூர் பக்கம் பிள்ளைகளுக்கு "மன்றோலப்பா" என்று பெயர் வைத்த வழக்கம் இருந்தது. மந்திராலய மடத்து நிலத்தை விசாரிக்கப் போனபோது ராகவேந்திரர் பிருந்தாவனத்தில் இருந்து அவரிடம் பேசினார் என்பது பக்தர்கள் சொல்வது. திருமலையில் மன்றோ கங்காளம் என்று ஒரு பெரிய பாத்திரம் உண்டு. கடப்பைப் பக்கத்துக் கண்டி கணவாயில் தங்கத் தோரணம் அவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது, அதைப் பார்த்தவர் சீக்கிரம் இறந்துவிடுவார் என்று ஒரு கதை.

இந்தக் கதைகளை நான் கேலி செய்ய மாட்டேன். பாளையக்காரர் சண்டை, நிஜாம் குத்தகை, பஞ்சம் என்று அடிபட்ட சீமையில், நேரில் வந்து உட்கார்ந்து பேசிய அதிகாரி ஒருவரைக் கண்டு ஜனங்கள் எவ்வளவு ஆறுதல் அடைந்திருந்தால் இப்படிக் கதை பிறக்கும்!

முடிவும் அங்கேதான். 1823 முதலே வேலையை விட்டுப் போகக் கேட்டுக்கொண்டிருந்தார். பர்மா போர் வந்து தள்ளிப்போனது. மனைவியை 1826ல் ஊருக்கு அனுப்பிவிட்டு, கிளம்பும் முன் பழைய சீமையை ஒருமுறை பார்க்கப் போனவருக்கு, 1827 ஜூலை 6 அன்று பத்திகொண்டாவில் காலரா. அன்றே முடிந்துவிட்டது. குத்தி என்ற ஊரில் புதைத்தார்கள். 1831ல் சென்னைக் கோட்டைக்குள் செயின்ட் மேரி தேவாலயத்துக்கு மாற்றினார்கள்.

15 ஜூன்

கவர்னர் காலத்தில் இரண்டு குறிப்புகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள்.

1824 டிசம்பர் 31 தேதியிட்ட குறிப்பில், இந்தியர்களைப் பெரிய பதவிகளில் இருந்து ஒதுக்கி வைப்பது ஒரு ஜனத்தையே தாழ்த்துவது என்கிறார். தங்களைத் தாங்களே ஆளும் திறம் வந்ததும் இங்கிலாந்து விலகிக்கொள்வதே நல்லது என்றும் எழுதுகிறார். அந்தக் காலத்தில் ஒரு கவர்னர் எழுதியது இது.

1822ல் பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய குறிப்பில், சுதந்திரமான பத்திரிகையும் அந்நியர் ஆட்சியும் சேர்ந்து இருக்க முடியாது என்கிறார். சிப்பாய்கள் படித்துவிடுவார்கள் என்ற பயம்.

இரண்டும் ஒரே ஆள்தான். ஆட்சி நடக்கிறவரை பட்டாளம் கையில் இருக்க வேண்டும், அதற்கு எது இடைஞ்சலோ அது கூடாது. அதற்குள் எவ்வளவு நியாயம் செய்ய முடியுமோ அவ்வளவு. பொள்ளிலூர்த் தோல்வியைத் 19 வயதில் பார்த்த சிப்பாய் கடைசிவரை அவருக்குள் இருந்தார்.

15 ஜூன், சற்றுப் பின்

பள்ளிக்கூடக் கணக்கு பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், அவர் எடுக்கச் சொன்னதுதான். 1822ல் எல்லாக் கலெக்டர்களிடமும் விவரம் கேட்டு, 1826ல் தொகுத்தார். மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள், ஜனத்தொகை 1,28,50,941. வீட்டில் படிக்கிறவர்கள் தனி. திண்ணைப் பள்ளிக்கூடங்கள் எவ்வளவு இருந்தன என்று இன்று நாம் பேச முடிவதே இந்தக் கணக்கால்தான்.

17 ஜூன்

கொல்லம் பக்கத்து மன்றோத் துருத்து இவர் பெயரில் இல்லை. அது திருவிதாங்கூரில் ரெசிடென்டாகவும் (கம்பெனிப் பிரதிநிதி) திவானாகவும் இருந்த கர்னல் ஜான் மன்றோ. காஞ்சிபுரத்துக் குளத்தில் பீரங்கியைத் தள்ளிய ஹெக்டர் மன்றோவும் வேறு ஆள், தாமசுக்கு உறவும் இல்லை. மேலே ஒருவர் மூவரையும் ஒன்றாக்கி எழுதியிருக்கிறார், திருத்திவிடுங்கள்.